அம்பு ஒட்டிய படம்

படத்தில் இருப்பவர்கள், இடமிருந்து வலமாக.

அப்பா. லுங்கியை முழங்கால் வரை தூக்கிக் கட்டியிருக்கிறார்.

அம்மா. விசேஷத்துக்கு என்று வைத்திருந்த பச்சைப் புடவை. கண் வீங்கியிருக்கிறது.

ஜோலார்பேட்டை பெரியம்மா. அம்மாவுடைய அக்கா. கக்கத்தில் கைப்பை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றவள்.

தம்பி. இரண்டு வயது. கேமரா பக்கமே பார்க்கவில்லை.

அத்தை. அப்பாவுடைய தங்கை. வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டுகிறாள்.

நான். பதினோரு வயது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கக் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறேன். அது படத்தில் தெரியாது. நான் கறுப்பு.

என்னைத் தவிர எல்லார் மேலும் நகத்தளவு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. கீழ் மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி, 1-1-2004. அது பொய். நடந்தது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. பேட்டரி செல் மாற்றும்போதெல்லாம் அந்தக் கேமரா அந்தத் தேதிக்கே திரும்பிப் போய்விடும். அதைச் சரி செய்ய எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை.

கேமரா முதலில் கம்பெனியுடையது. அத்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தாள். மேஜைக்கு வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா, ஆடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா. இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிறகு கேமராவில் ஒரு படம். அந்தப் படம் வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்குப் போகும். பரவாயில்லை என்று அவர் சொன்னால் ஷூ பெட்டிக்குள் போகும். வேண்டாம் என்றால் செகண்ட்ஸ். பாதி விலைக்கு பஜாரில் தொங்கும்.

படம் எடுக்காமல் மறைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு மொத்தத்தையும் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள் என்றாள். அவள் இருக்கும்போதே ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது.

கம்பெனியில் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். செல் போடுகிற இடத்தின் மூடி உடைந்திருந்தது. அத்தை ஒரு ஷூ கயிற்றை எடுத்து கேமராவைச் சுற்றிக் கட்டினாள். அதற்குப் பிறகு ஓடியது.

எங்கள் தெருவில் அதற்கு முன் போட்டோ என்றால் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு. மூன்றுக்கும் ஸ்டுடியோக்காரர் வருவார். மூன்றிலும் எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். அத்தை எடுத்த படங்கள் வேறு மாதிரி. அம்மா குத்துக்காலிட்டுத் துணி துவைப்பது. அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குவது. கம்பெனி பஸ்ஸில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடப்பது. சாப்பாட்டு நேரத்தில் ஒரே டப்பாவில் நாலு கை. எதிர் வீட்டு பாய் வீட்டம்மா தன் முகத்தை எடுக்கக் கூடாது என்றார், தன் ஆட்டை எடுக்கச் சொன்னார். ஆட்டுக்குப் பவுடர் மட்டும்தான் போடவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு துணி துவைக்கிறதைப் போய் யாராவது போட்டோ பிடிப்பார்களா, நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். அதே நாலு பேர்தான் தினமும் குழாயடியில் நேரிலேயே பார்க்கிறார்கள் என்று அத்தை சொன்னாள். சம்பளம் வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய் நல்ல படமாகப் பார்த்துப் பிரிண்ட் போட்டு, படத்தில் இருக்கிறவர்களுக்கே கொடுத்துவிடுவாள். பஸ்ஸில் தூங்கிய பெண்கள் முதலில் திட்டினார்கள். பிறகு இன்னொரு காப்பி கேட்டார்கள்.

படம் எடுக்க எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் எடுத்தால் கை ஆடிவிடும். எல்லாருக்கும் இரண்டு மூக்கு வரும்.

அத்தை செக்கிங் டேபிளுக்குத் தானாகப் போகவில்லை. முதலில் ஐலெட் மெஷினில் இருந்தாள். ஷூவில் கயிறு கோக்கிற ஓட்டைக்கு வளையம் அடிக்கும் மெஷின். காலால் மிதித்தால் மேலிருந்து இறங்கும். ஒரு நாள் கால் முந்திக்கொண்டது. கை பிந்திவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலில் பாதி போனது. இனி மெஷினுக்கு ஆகாது என்று குறை பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். கேமரா பட்டனை அவள் நடுவிரலால்தான் அழுத்துவாள்.

அந்த விரலைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தால் அம்மா அவளைப் பின்வரிசையில் நிறுத்துவாள். முன்வரிசைக்கு வந்துவிட்டால் கையில் தம்பியைக் கொடுப்பாள். தம்பி பிறந்த பிறகு எடுத்த எல்லாக் கல்யாணப் படத்திலும் அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த நேரத்தில், பெரியம்மா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் வழியில் ஒரு பையன். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை, தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். கவர்மெண்ட் சம்பளம். நம்ம சபைதான். முப்பத்து மூன்று வயது. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது.

“கெட்ட பழக்கம் இல்லாதவருக்கு முப்பத்தி மூணு வரைக்கும் ஏன் ஆவல?” என்று அத்தை கேட்டாள்.

அவங்க அம்மா பார்த்துப் பார்த்துத் தேடுகிறாள் என்றாள் பெரியம்மா. அத்தைக்கு அப்போது இருபத்தேழு. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

பையன் வீட்டுக்கு ஒரு போட்டோ வேண்டும். ஸ்டுடியோவுக்குப் போனால் அவர் கையை இப்படி வை, அப்படி வை என்பார். வீட்டிலேயே கேமரா இருக்கிறது. வலது கையில் வேதப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டால் விரல் அதற்குப் பின்னால் போய்விடும் என்று கண்டுபிடித்தவள் அம்மா. பார்க்கிறவர்களுக்கு பக்தியான பெண் என்றும் தோன்றும் என்றாள் பெரியம்மா. அம்மா கெட்டவள் இல்லை. அத்தைக்கு ஒரு வீடு அமைய வேண்டும் என்று எங்கள் எல்லாரையும்விட அவள்தான் ஜெபம் பண்ணினாள். சத்தமாகப் பண்ணுவாள்.

அத்தை மாட்டேன் என்றாள். அப்பா அதுவரை பேசவில்லை. அவர் டேனரியில் தோல் ஊறும் டிரம் பக்கம் வேலை. வீட்டுக்கு வந்தால் ஜாஸ்தி பேச மாட்டார்.

“ஒரு தடவ நில்லும்மா” என்றார்.

அத்தை நின்றாள். அம்மா அவள் முந்தானையைச் சரி செய்தாள், பவுடர் போட்டாள், புத்தகத்தைக் கையில் வைத்து விரலை உள்ளே தள்ளிவிட்டாள். நான் மூன்று படம் எடுத்தேன். முதல் இரண்டும் ஆடிவிட்டன. மூன்றாவது பரவாயில்லை.

அத்தை கேமராவை வாங்கி சின்னத் திரையில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள். “இது யாரு?”

அவள் புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த கம்பெனிப் பையில் கையை விட்டு ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, வலது கையின் பின்பக்கம், பாதி விரலுக்கு நேராக ஒட்டினாள். கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து விரித்தாள். பவுடர் போட்ட முகம் அப்படியே இருந்தது.

“பாப்பா, இப்ப எடு.”

“எடுக்காதடி” என்றாள் அம்மா.

அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. கேமரா அத்தையுடையது, அவள் சொன்னால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் நான் அறிந்த சட்டம். அழுத்தினேன்.

அத்தை அம்பை உரித்துப் போட்டாள். குடத்தை எடுத்தாள்.

“ரெண்டும் இருக்குது. எத அனுப்பணும்னு நீங்களே பேசிக்குங்க. ஆனா ஒன்னு, அண்ணி. மறைச்சு அனுப்புனா காலம் பூரா நான் கைய மறைச்சேதான் வச்சிக்கணும். என்னால ஆவாது.”

தண்ணீருக்குப் போய்விட்டாள்.

பேச ஒன்றும் இருக்கவில்லை. அம்மா என்னை அம்புப் படத்தை அழிக்கச் சொன்னாள். குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டன் எது என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன். அழிக்கவா என்று திரையில் இங்கிலீஷில் கேட்டது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, அடுத்த பட்டனைத் தட்டினேன். திரையில் எதிர் வீட்டு ஆடு வந்தது.

போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன்.

அத்தைக்காகச் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. அதுவரை நான் எடுத்ததில் துளிகூட ஆடாமல் வந்த ஒரே படம் அது. விரல் ரேகை வரைக்கும் தெரிந்தது. அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

பெரியம்மா மெமரி கார்டை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புத்தகம் பிடித்த படத்தில் நல்லதாக ஒன்று ஜோலார்பேட்டையிலேயே போட்டு, பையன் வீட்டில் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவள் கார்டை ஸ்டுடியோவில் நீட்டி, போட்டோ போட்டுக் கொடு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பழைய காலத்தில் ஃபிலிம் ரோலைக் கொடுத்தால் மொத்தத்தையும் கழுவித்தானே தருவார்கள். அவரும் மொத்தத்தையும் போட்டிருக்கிறார். கவர் தடிமனாக இருந்தது. காசு ஜாஸ்தி வாங்கிவிட்டான் என்ற கோபத்தில் பெரியம்மா பிரித்துப் பார்க்காமலே பையன் வீட்டில் கொடுத்துவிட்டாள்.

எங்களுக்குக் கார்டு மட்டும் திரும்பி வந்தது, மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா முழங்கால் போட்டு நன்றி சொன்னாள்.

அந்த ஞாயிறு வீடு வேறு வீடாக இருந்தது. எதிர் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வந்தது. அம்மா திட்டம் போட்டிருந்தாள். காபித் தட்டை அத்தை அடியில் கை கொடுத்துத் தூக்கி வர வேண்டும், முந்தானை மேலே விழுந்திருக்க வேண்டும், தம்ளரை எடுத்துக் கொடுப்பது பெரியம்மா. கல்யாணம் முடிந்து தெரிந்தால் தெரியட்டும். அத்தை இதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பையன், பையனுடைய அம்மா, பெரியம்மா, மூன்று பேர் வந்தார்கள். பையன் நல்ல உயரம். வெயிலில் வேலை செய்கிறவர் முகம். உட்காரச் சொன்ன பிறகும் அவர் தன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஜெபம் முடிந்ததும் பையனுடைய அம்மா பையைத் திறந்து ஒரு தடித்த கவரை எடுத்தார். பாயில் ஒவ்வொரு படமாக வைத்தார். புத்தகம் பிடித்த அத்தை. இரண்டு மூக்கோடு அத்தை. துணி துவைக்கிற அம்மா. வாயைத் திறந்து தூங்குகிற அப்பா. நாலு கை. ஆடு. கடைசியாக, அம்பு.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

பையனுடைய அம்மா கோபமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சிரித்த முகமாகவே பேசினார். நேர்மையான குடும்பம் என்று இதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும் காட்டிவிட்டீர்கள் என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

“கொறை இருந்தா பரவால்லங்க. நீங்களே அம்பு போட்டுக் காட்டிட்டீங்க, நாங்க இன்னா சொல்லப் போறோம். அதுக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுத்துடுங்க. பையன் டூட்டிக்கு போவ வர ஆவும்.”

அப்பா கீழே பார்த்தார். வண்டி என்றால் மோட்டார் சைக்கிள். எங்கள் வீட்டில் சைக்கிள்கூட டேனரி மேஸ்திரி கொடுத்தது.

“பாக்கலாங்க” என்றார்.

அந்தச் சொல் காதில் விழும்போது அத்தை தட்டோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வந்தாள். தட்டைப் பெரியம்மாவிடம் கொடுக்கவில்லை. இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு தம்ளராக எடுத்துக் கொடுத்தாள். முந்தானை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தது. பையனுக்குக் கொடுக்கும்போது அவர் அந்த விரலைப் பார்த்தார். அவள் தம்ளரை உடனே விடவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்.

“செகண்ட்ஸ்ல எடுத்தா வெல கம்மி பண்ணித்தான் கேப்பாங்கம்மா. எங்க கம்பெனிலயும் அப்டித்தான். தப்பு சொல்லல. ஆனா செக்கிங்னா ஒரு பக்கம் மட்டும் பண்றதில்ல.”

ஸ்டிக்கர் தாள் அவள் இடுப்பிலேயே இருந்தது. ஒரு அம்பைப் பிய்த்துப் பையனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. உங்களுக்கு எங்க இருக்குதோ அங்க ஒட்டிக்குங்க. பாப்பா, கேமராவ எடு.”

பையன் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்பு கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் காபி, ஒரு கையில் அம்பு. எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வழக்கம்போல் தன் அம்மா பக்கம் திரும்பினார். விரலும் கூடவே திரும்பியது. அம்பு அவர் அம்மாவைக் காட்டியது.

நான் எடுத்துவிட்டேன். ஆடவில்லை.

பையனுடைய அம்மா எழுந்தார். சிரிப்பு போய்விட்டது.

“இந்தப் பொண்ணுக்கு வெரல்ல இல்ல, வாயில ஒட்டணும் அம்பு.”

“ஒட்டிக்கலாம்மா” என்றாள் அத்தை. “ஸ்டிக்கர் நெறைய இருக்குது.”

அவர்கள் போய்விட்டார்கள். மக்கன் பேடா அப்படியே இருந்தது. பையன் மட்டும் காபியை முழுசாகக் குடித்திருந்தார். அம்பை நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். எதிர் வீட்டு நாற்காலி அது. கைப்பிடியில் ஒரு விரிசல். அம்பு சரியாக அந்த விரிசலைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதுவரை கவனிக்காத விரிசல். அவரும் செக்கிங்குக்கு ஆகக்கூடியவர்தான்.

அம்மா என்னை அறைந்தாள். அழித்தேன் என்று சொன்னாயே என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பெரியம்மா, இனி ஜோலார்பேட்டையில் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன் என்றாள். அத்தை பாயில் கிடந்த படங்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அத்தையைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

“அந்த ஸ்டிக்கர குடு.”

அத்தை கொடுத்தாள். அவர் லுங்கியை முழங்கால் வரை தூக்கினார். டிரம்மிலிருந்து வழியும் நீலத் தண்ணீர் அரித்த குழிகள் கெண்டைக்காலில் இருந்தன. சிலது ஆறியது, சிலது ஆறாதது. வெளியே போகும்போது அவர் எப்போதும் பேண்ட்தான் போடுவார், எவ்வளவு வெயில் என்றாலும். மூன்று அம்பு ஒட்டினார். நிதானமாக, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டினார். நாலாவதைச் சட்டைப் பாக்கெட்டில் ஒட்டினார்.

பாக்கெட்டில் ஒன்றும் இல்லையே என்று நான் சொன்னேன்.

“அதான்” என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். ஒன்றைக் கையில் ஒட்டிக்கொண்டாள். இன்னொன்றை, சொன்ன சொல் தவறாமல், உதட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். தம்பி தானாக இரண்டு ஒட்டிக்கொண்டான், ஒன்று மூக்கில். பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி ஒன்று வாங்கிப் புடவை மேல் முழங்காலுக்கு நேராக ஒட்டினாள். எனக்கு முட்டி வலி ஒன்றுதான், வேறு ஒரு குறையும் கிடையாது என்றாள். யாரும் நம்பவில்லை.

அம்மா எழவில்லை. என்னைப் பைத்தியக்காரக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள் என்றாள். அப்பா ஸ்டிக்கர் தாளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு அம்பைப் பிய்த்தாள். அடிவயிற்றில், புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இன்னொன்றைப் பிய்த்து அதற்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, போட்டோ எடுக்கிற வேலையைப் பார் என்றாள். எனக்கும் தம்பிக்கும் ஒன்பது வருடம் வித்தியாசம். அந்த நடுவில் இரண்டு முறை என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஒட்டத் தெரியாமல் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நான் என் கையை நீட்டினேன். எனக்கும் ஒன்று வேண்டும்.

அத்தை என்னைத் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தாள். தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். மேஜையில் ஷூவைப் பார்ப்பது அப்படித்தான்.

“உனக்கு இல்ல” என்றாள். “பாஸ்.”

எனக்கு அழுகை வந்தது. அறை வாங்கியது நான். எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. கேமராவை டிவி மேல் வைத்து, தானாக எடுக்கிற பட்டனை அழுத்திவிட்டு அத்தை ஓடி வந்து நின்றாள். சிவப்பு விளக்கு பத்து நொடி மினுக்கியது. அந்தப் பத்து நொடியும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அதில் ஏழு காப்பி போட்டாள். வீட்டில் இருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒன்று, தம்பி உட்பட. ஏழாவதைத் தபாலில் ஜோலார்பேட்டைக்கு, பையன் வீட்டுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. பெரியம்மா இரண்டு வருடம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனாள்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் விரலா வாயா என்று சொந்தக்காரர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இன்றைக்கும் அதே கம்பெனியில் இருக்கிறாள். செக்கிங்கில் அவளுக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். இப்போது போனில் எடுக்கிறாள், நடுவிரலால். எந்தப் படத்திலும் அவள் கை பின்னால் போவதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அந்த வருடமே ஊதுபத்தி உருட்டப் போனேன், வயது வந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பிறகு கல்யாணம், பிறகு மறுபடியும் மெஷின். படம் துணி அலமாரியில், புடவைக்கு அடியில் இருக்கிறது. மறைத்து வைத்தது இல்லை. கசங்கக் கூடாது என்று வைத்தது.

போன வாரம் அதை எடுத்துப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அத்தை பார்த்த மாதிரியே தலையிலிருந்து பாதம் வரை பார்த்தேன். திரும்பி நின்று முதுகையும் பார்த்தேன். அம்பு ஒட்ட வேண்டிய இடங்களை, வெளியே தெரிவது, தெரியாதது, எதையும் விடாமல் எண்ணினேன்.

நான்கு.